நாய் இனங்களைத் தடை செய்தால் கடி குறையுமா? 23 இனத் தடையும் அதற்கான எதிர்ப்பும்: முழு விளக்கம்

புதுடெல்லி: உத்தரப் பிரதேசத் தலைநகர் லக்னோவில் 2022 ஜூலையில், வீட்டில் தனியாக இருந்த 82 வயது மூதாட்டி ஒருவர், தம் மகன் வளர்த்த பிட்புல் நாய் கடித்து உயிரிழந்தார். சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் 2024 மே மாதம், ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. சென்னை ஜாபர்கான்பேட்டையில் 2025 ஆகஸ்டில், பக்கத்து வீட்டார் வளர்த்த பிட்புல் கடித்ததில் ஒருவர் உயிரிழந்தார்.

இத்தகைய சம்பவம் நிகழும் ஒவ்வொரு முறையும், அந்த இன நாய்களையே தடை செய்ய வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் அதற்கேற்ப உத்தரவுகளைப் பிறப்பிக்கின்றன. அதே வேளையில், இனத்தின் பெயரால் விதிக்கப்படும் தடையைக் கால்நடை மருத்துவர் சங்கங்கள் பலவும் விலங்கு நல அமைப்புகளும் தொடர்ந்து எதிர்த்து வருகின்றன. அவர்கள் எதிர்ப்பதற்கான காரணங்கள் யாவை? நீதிமன்றங்கள் கூறியது என்ன? பிற நாடுகளின் அனுபவம் எதைக் காட்டுகிறது? விரிவாகப் பார்ப்போம்.

மத்திய அரசு எதைத் தடை செய்ய முயன்றது?

ஆபத்தான நாய் இனங்களுக்குத் தடை கோரும் மனு ஒன்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டது. அதனை விசாரித்த நீதிமன்றம், மனுதாரரின் கோரிக்கை மீது மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்குமாறு 2023 டிசம்பரில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. இதனைத் தொடர்ந்து, நிபுணர் குழு ஒன்றின் பரிந்துரையின் பேரில், மத்திய கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை 2024 மார்ச் 12 அன்று அனைத்து மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது.

பட்டியலிடப்பட்ட 23 இனங்களும் அவற்றின் கலப்பினங்களும் மனித உயிருக்கு ஆபத்தானவை என அச்சுற்றறிக்கை குறிப்பிட்டது. அவற்றின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடை செய்யவும், அவற்றை வளர்க்க உள்ளாட்சி அமைப்புகள் உரிமம் வழங்காதிருக்கவும் அது அறிவுறுத்தியது. ஏற்கெனவே வீடுகளில் வளர்க்கப்படும் நாய்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யப்பட வேண்டும் என்றும் கூறியது.

பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர், ஃபிலா பிரேசிலேரோ, டோகோ அர்ஜென்டினோ, அமெரிக்கன் புல்டாக், கங்கால், ராட்வைலர், அகிதா, கேன் கோர்சோ, ரொடீஷியன் ரிட்ஜ்பேக் ஆகியன பட்டியலில் இடம்பெற்றிருந்த இனங்களுள் சில.

பட்டியல் வெளியானதுமே அதன் துல்லியம் கேள்விக்குள்ளானது. 'டோசா இனு' என்றும் 'ஜப்பானிய டோசா' என்றும் ஒரே இனம் இரு பெயர்களில் இடம்பெற்றிருந்தது. 'டெரியர்கள்' என ஒரு பெரும் பிரிவே பொதுவாகச் சுட்டப்பட்டிருந்தது. மடியில் வைத்துக் கொஞ்சும் அளவிலான யார்க்‌ஷயர் டெரியரும் பெயரளவில் அப்பிரிவைச் சேர்ந்ததே. மறுபுறம், காவல் பணியில் பெயர் பெற்ற ஜெர்மன் ஷெப்பர்டும் டாபர்மேனும் பட்டியலில் இல்லை. கோம்பை போன்ற நம் நாட்டுக் காவல் இனங்களும் இல்லை. எந்த அளவுகோலின்படி ஓர் இனம் சேர்க்கப்பட்டது, மற்றொன்று விடப்பட்டது என்ற கேள்வியே பின்னர் நடந்த சட்டப் போராட்டத்துக்கும் அடித்தளமானது.

நீதிமன்றங்கள் கூறியது என்ன?

பெங்களூருவைச் சேர்ந்த நாய் வளர்ப்போர் தொடர்ந்த வழக்கில், கர்நாடக உயர் நீதிமன்றம் முதலில் சுற்றறிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர், 2024 ஏப்ரல் 10 அன்று நீதிபதி எம். நாகபிரசன்னா அதனை ரத்து செய்து தீர்ப்பளித்தார். பாதிக்கப்படக்கூடிய தரப்பினரின் கருத்தைக் கேட்காமலேயே முடிவெடுக்கப்பட்டுள்ளது என்பதும், நடைமுறையில் உள்ள விதிகளின் எல்லையைச் சுற்றறிக்கை மீறியுள்ளது என்பதும் தீர்ப்பின் சாரம்.

அதே தீர்ப்பு நாய் வளர்ப்போரின் பொறுப்பையும் வலியுறுத்தியது. நாய் ஒருவரைத் தாக்கினால், காயமடைந்தவரின் சிகிச்சைச் செலவை உரிமையாளரே ஏற்க வேண்டும். இழப்பீடும் தனியே வழங்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. உரிய முறையில் அனைத்துத் தரப்பினரையும் கலந்தாலோசித்த பின் புதிய முடிவெடுக்க அரசுக்குத் தடையில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

கொல்கத்தா, கேரள உயர் நீதிமன்றங்களும் சுற்றறிக்கையின் சில பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தன. 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றமும் சுற்றறிக்கையை ரத்து செய்து, பொதுமக்களின் ஆட்சேபனைகளைப் பெற்ற பின்னரே முடிவெடுக்க வேண்டும் என அறிவுறுத்தியது.

இவ்வாறு நீதிமன்றங்களில் அந்தச் சுற்றறிக்கை வீழ்ந்ததற்கு முதன்மைக் காரணம், முடிவெடுக்கப்பட்ட முறையே. எந்த அரசும் எந்த இனத்தையும் ஒருபோதும் தடை செய்யக் கூடாது என்று இத்தீர்ப்புகள் கூறிவிடவில்லை. ஆகவே விவாதம் இன்னும் முடியவில்லை.

உள்ளாட்சி அமைப்புகளின் தடைகள்

மத்திய அரசின் சுற்றறிக்கைக்கு முன்பே வட இந்திய நகரங்கள் சில இவ்வழியில் நடந்தன. லக்னோ சம்பவத்துக்குப் பிறகு, 2022 இறுதியில் கான்பூர் மற்றும் ஹரியானாவின் பஞ்ச்குலா ஆகிய நகரங்களின் மாநகராட்சிகள் பிட்புல், ராட்வைலர் இனங்களைத் தடை செய்தன. காசியாபாத் மாநகராட்சி இவ்விரண்டுடன் டோகோ அர்ஜென்டினோவையும் சேர்த்தது. சண்டிகர் நிர்வாகம் 2025இல் வெளியிட்ட துணை விதிகளிலும் சில இனங்களுக்குத் தடை இடம்பெற்றுள்ளது.

தமிழகத்தில், ஆயிரம்விளக்குச் சம்பவத்தைத் தொடர்ந்து 23 இனங்களுக்குத் தடை விதித்து மாநிலக் கால்நடை பராமரிப்புத் துறை 2024 மே மாதம் உத்தரவு வெளியிட்டது. நீதிமன்றங்களில் விவகாரம் நிலுவையில் இருந்த சூழலில் அந்த உத்தரவு உடனடியாகத் திரும்பப் பெறப்பட்டது. பின்னர் 2025 டிசம்பரில், பிட்புல், ராட்வைலர் நாய்களுக்குப் புதிய உரிமம் வழங்குவதில்லை எனப் பெருநகர சென்னை மாநகராட்சி முடிவு செய்தது.

எதிர்ப்பவர்களின் முதல் வாதம்: அடையாளம் காண்பதிலேயே சிக்கல்

ஓர் இனத்தைத் தடை செய்ய வேண்டுமெனில், ஒரு நாய் அந்த இனத்தைச் சேர்ந்ததா என்பதை முதலில் உறுதி செய்தாக வேண்டும். 'பிட்புல்' என்ற சொல்லோ, நடைமுறையில் அகன்ற தலையும் திரண்ட தசையும் குட்டை முடியும் கொண்ட பலவகை நாய்களுக்குப் பொதுப்பெயராக வழங்கி வருகிறது. அமெரிக்கன் பிட்புல் டெரியரை சர்வதேச நாய் வளர்ப்போர் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. தனி இனமாக அங்கீகரிக்கவில்லை. வம்சாவளிச் சான்றிதழ் இல்லாத நாயை, பார்வையை வைத்தே அதிகாரி மதிப்பிட வேண்டியுள்ளது.

அந்த மதிப்பீடு எந்த அளவுக்கு நம்பத்தக்கது? அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள நான்கு காப்பகங்களில் 120 நாய்களைக் கொண்டு ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2015இல் வெளியாயின. நாய்களுடன் அன்றாடம் பழகும் 16 பணியாளர்கள் அவற்றைப் பார்த்து இனம் கூறினர். 62 நாய்கள் பிட்புல் வகையைச் சேர்ந்தவை எனக் குறிப்பிடப்பட்டன. மரபணுச் சோதனையிலோ 25 நாய்களுக்கே அத்தகைய மரபுத்தொடர்பு இருந்தது. பயிற்சி பெற்றோரே இவ்வளவு தவறும்போது, கலப்பின நாய்கள் மிகுந்த இந்திய நகரங்களில் உள்ளாட்சி ஊழியர் எவ்வாறு முடிவு செய்வார் என எதிர்ப்பவர்கள் கேட்கின்றனர். தவறாக அடையாளம் காணப்பட்டால், எவரையும் கடித்திராத நாயும் அதனை வளர்க்கும் குடும்பமும் தண்டனைக்கு உள்ளாக நேரிடும்.

இரண்டாவது வாதம்: இனம் குணத்தைத் தீர்மானிப்பதில்லை

'சயின்ஸ்' ஆய்விதழில் 2022இல் வெளியான ஆய்வு, 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தை குறித்து உரிமையாளர்கள் அளித்த தகவல்களையும், 2,155 நாய்களின் மரபணுத் தொகுதிகளையும் ஒப்பிட்டது. தனித்தனி நாய்களிடையே காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 சதவீதத்தை மட்டுமே இனத்தால் விளக்க முடிகிறது என அது கண்டறிந்தது. எளிதில் ஆத்திரம் கொள்ளும் தன்மையைக் கணிப்பதற்கு, இனம் பற்றிய தகவல் பெரிதும் உதவவில்லை. வயது, பயிற்சி, குட்டிப் பருவத்தில் மனிதருடன் பழகிய விதம், கட்டியே வைக்கப்பட்ட நாயா என்பன போன்றவையும் நாயின் போக்கைத் தீர்மானிக்கின்றன என்பது கால்நடை மருத்துவர்களின் நிலைப்பாடு. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் இக்காரணங்களால் இனவாரித் தடையை எதிர்க்கிறது.

மூன்றாவது வாதம்: உயிரிழப்புகளில் பொதுவாக இருப்பவை

எதிர்ப்பவர்கள் அதிகம் சுட்டிக்காட்டும் ஆய்வு 2013இல் அமெரிக்காவில் வெளியானது. 2000 முதல் 2009 வரை அந்நாட்டில் நாய்க்கடியால் நிகழ்ந்த 256 உயிரிழப்புகளை, காவல்துறை விசாரணைத் தகவல்களின் துணையுடன் அது ஆராய்ந்தது. அவற்றுள் 87.1 சதவீதச் சம்பவங்களில், தடுத்துக் காக்கக்கூடிய உடல்வலு உள்ளவர் எவரும் அருகில் இல்லை. 84.4 சதவீதத்தில் நாய்க்குக் கருத்தடை செய்யப்படவில்லை. 76.2 சதவீதத்தில் அந்த நாய், குடும்பத்தினருடன் பழகவிடாமல் தனித்து வைக்கப்பட்டிருந்தது. இவை போன்ற காரணிகளுள் நான்கோ அதற்கு மேற்பட்டவையோ 80.5 சதவீதச் சம்பவங்களில் ஒருசேரக் காணப்பட்டன. நாயின் இனத்தை நம்பகமாக உறுதி செய்ய முடிந்ததோ 17.6 சதவீதத்தில் மட்டுமே.

இந்தக் காரணிகள் அனைத்தும் மனிதரால் மாற்றக்கூடியவை. இனத்தைத் தடை செய்யும் சட்டம் இவற்றுள் எதனையும் தொடுவதில்லை என்பதே எதிர்ப்பின் மையக்கருத்து.

பிற நாடுகளின் அனுபவம்

பிரிட்டன் 1991இல் ஆபத்தான நாய்கள் சட்டத்தை இயற்றி, பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலேரோ ஆகிய நான்கு வகைகளைத் தடை செய்தது. இங்கிலாந்தில் நாய்க்கடிக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் எண்ணிக்கை, 1998இல் ஒரு லட்சம் பேருக்கு 6.34 ஆக இருந்து 2018இல் 14.99 ஆக உயர்ந்தது. தடை இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்த எண்கள் கூறுவதில்லை. ஆயினும், தடை மட்டுமே கடியைக் குறைத்துவிடவில்லை என்பது தெளிவு. இதற்கிடையே, பட்டியலில் இல்லாத எக்ஸ்.எல். புல்லி என்ற புதிய வகை அங்கு பரவியது. உயிரிழப்புகள் நிகழ்ந்த பிறகு அதுவும் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2024 பிப்ரவரி 1 முதல், விலக்குச் சான்று இன்றி அதனை வளர்ப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றமாகும். ஓர் இனத்தைத் தடை செய்தால், வலிமையான நாயை விரும்புவோர் அடுத்த இனத்துக்கு மாறுகின்றனர் என்பதற்கு எதிர்ப்பவர்கள் இதனையே சான்றாகக் காட்டுகின்றனர்.

நெதர்லாந்து 1993இல் பிட்புல் வகைக்குத் தடை விதித்தது. கடிச் சம்பவங்கள் குறையாத நிலையில் 2008இல் அதனைக் கைவிட முடிவு செய்தது. இத்தாலி தனது இனப் பட்டியலை 2009இல் நீக்கி, உரிமையாளரின் பொறுப்பை மையமாகக் கொண்ட விதிகளுக்கு மாறியது. அமெரிக்காவின் டென்வர் நகரில் 1989 முதல் நடைமுறையில் இருந்த பிட்புல் தடைக்கு, 2020 நவம்பரில் வாக்காளர்களே முடிவுகட்டினர். அதற்குப் பதிலாக நிபந்தனைகளுடன் கூடிய அனுமதி முறை வந்தது. டென்மார்க் 2010இல் 13 இனங்களைத் தடை செய்தது. அந்நாட்டின் ஓடன்ஸ் நகர மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, அத்தடையால் கடிச் சம்பவங்கள் குறைந்ததற்கான சான்று இல்லை எனத் தெரிவித்தது.

தடையை ஆதரிப்பவர்களின் தரப்பு

ஆதரிப்பவர்களின் வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எந்த நாயும் கடிக்கக்கூடும். ஆனால் எல்லா நாய்களின் கடியும் ஒரே விளைவைத் தருவதில்லை என்பது அவர்களின் முதன்மை வாதம். சண்டைக்காகவும் பெரிய விலங்குகளை மடக்குவதற்காகவும் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கப்பட்ட நாய் ஒருமுறை பற்றினால், குழந்தையோ முதியவரோ தப்புவது அரிது. நடத்தை குறித்த மரபணு ஆய்வு, கடியின் கடுமையைப் பற்றி எதுவும் கூறவில்லை.

கனடாவின் மனிடோபா மாநிலத் தரவுகளைக் கொண்டு 2013இல் வெளியான ஆய்வு, பிட்புல் தடை நடைமுறையில் இருந்த வின்னிபெக் நகரில் கடுமையான நாய்க்கடிகள் குறைந்திருக்கலாம் எனச் சுட்டியது. ஆகவே ஆய்வு முடிவுகள் முற்றிலும் ஒருபக்கமானவை அல்ல. மேலும், உரிமம் பெறாத நாய்களே மிகுந்துள்ள நம் நகரங்களில், உரிமையாளரின் பொறுப்பை மட்டும் நம்பியிருப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்றும் ஆதரிப்பவர்கள் கூறுகின்றனர்.

இதற்கு எதிர்த்தரப்பு தரும் விடை, உரிமத்தையே வழங்க இயலாத நிர்வாகம் தடையை மட்டும் எவ்வாறு செயல்படுத்தும் என்பதாகும். தடை வந்தால் உரிமையாளர்கள் பதிவு செய்வதைத் தவிர்ப்பர். தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் வெளியே கொண்டுவர அஞ்சுவர். சிலர் நாயைத் தெருவில் விட்டுவிடுவர். கண்காணிப்பில் இருக்க வேண்டிய நாய் கண்ணுக்குத் தெரியாமல் மறைவதே பேராபத்து என அவர்கள் எச்சரிக்கின்றனர்.

இந்தியாவில் பிரச்சினையின் அளவு

மத்திய அரசு வெளியிட்ட தகவலின்படி, 2024இல் நாட்டில் 37,17,336 நாய்க்கடிச் சம்பவங்கள் பதிவாயின. வெறிநாய்க்கடியால் நேர்ந்ததாகக் கருதப்படும் உயிரிழப்புகள் 54. எந்த இன நாய் கடித்தது என்ற பகுப்பு இக்கணக்கில் இல்லை. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பு, நாட்டில் ஏறத்தாழ 1.53 கோடி தெருநாய்கள் இருப்பதாகத் தெரிவித்தது.

பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களின் தாக்குதல் கொடூரமானதாக இருப்பதால் செய்திகளில் பெரிதாக இடம்பெறுகிறது. ஆனால் இந்தியர் ஒருவர் அன்றாடம் எதிர்கொள்ளும் கடி அபாயத்தின் பெரும்பகுதி, எந்த இனப் பட்டியலிலும் அடங்காத நாய்களிடமிருந்தே வருகிறது. இனத் தடையை எவ்வளவு கண்டிப்புடன் செயல்படுத்தினாலும், இந்த எண்ணிக்கையில் பெரிய மாற்றம் ஏற்படாது.

மாற்று வழி என்ன?

எதிர்ப்பவர்கள் முன்வைப்பது கட்டுப்பாடற்ற நிலையை அன்று. இனத்துக்கு மாறாகச் செயலைக் குறிவைக்கும் சட்டத்தையே அவர்கள் கோருகின்றனர். அதற்கான அடிப்படைகள் ஏற்கெனவே உள்ளன.

* உரிமையாளரின் குற்றப்பொறுப்பு: தம் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து நேராதவாறு காக்கத் தவறுவோருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, ரூ.5,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் 106ஆவது பிரிவு பொருந்தும்.

* இனப்பெருக்கக் கட்டுப்பாடு: நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனைக்கான 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறைவடையாத குட்டிகளை விற்கக் கூடாது. பதிவு பெறாதோர் விற்கும் குட்டிகளைக் கட்டுப்படுத்தினாலே, முறையற்ற கலப்பினங்கள் பெருமளவு குறையும் என்பது விலங்கு நல அமைப்புகளின் கருத்து.

* நாய்ச் சண்டைக்குத் தடை: விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

* தெருநாய்கள்: 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் உள்ளாட்சி அமைப்புகளின் கடமை.

இவற்றுடன், கட்டாய உரிமம், மைக்ரோசிப், பொது இடங்களில் கயிறும் வாய்மூடியும், ஒருமுறை தாக்கிய நாயை இனம் பாராமல் 'ஆபத்தான நாய்' என அறிவித்துக் கூடுதல் நிபந்தனை விதித்தல், பாதிக்கப்பட்டவருக்கு உடனடி இழப்பீடு ஆகியவை வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. கனடாவின் கால்கரி நகரம் இனத் தடையின்றி, உரிமம், அபராதம், விழிப்புணர்வு ஆகியவற்றின் வழியே இப்பிரச்சினையைக் கையாள்வது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

வளர்ப்போரும் பொதுமக்களும் அறிய வேண்டியவை

உரிம விதிகள் நகரத்துக்கு நகரம் வேறுபடும் என்பதால், நாய் வாங்கும் முன் உள்ளூர் மாநகராட்சி அல்லது நகராட்சியின் விதிகளை அறிந்துகொள்வது அவசியம். குடியிருப்போர் சங்கங்கள், பெரும்பான்மை முடிவின் மூலமாகக்கூடச் செல்லப் பிராணிகளுக்குத் தடை விதிக்க முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டியுள்ளது. எந்த இன நாயானாலும், சிறு குழந்தையையோ முதியவரையோ அதனுடன் தனியே விடுவதைத் தவிர்க்க வேண்டும்.

நாய் கடித்தால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கடித்தது வீட்டு நாயா, தெருநாயா, எந்த இனம் என்பதைப் பொறுத்து இதில் விலக்கு இல்லை.

லக்னோவில் மூதாட்டி நாயுடன் தனித்திருந்தார். சென்னைப் பூங்காவில் நாய்கள் கயிறும் வாய்மூடியும் இன்றி விடப்பட்டிருந்ததாகச் செய்திகள் தெரிவித்தன. அடுத்து வரும் சட்டம் எந்த வடிவில் அமைந்தாலும், இவ்விரு சம்பவங்களிலும் தவறியது எது என்ற கேள்விக்கு அது விடை கூறியாக வேண்டும். நாயின் பெயரை மட்டும் கேட்டு நின்றுவிடும் சட்டம், கயிற்றின் மறுமுனையில் இருப்பவரைத் தப்பவிட்டுவிடும்.